சாம்பலுக்கு வைத்த பெயர்: பிரித்தானியாவின் நிலநிரப்பு வரியும் பெருந்தொழிற்சாலைகளும்

2019 ஜூலையில் எங்கட பத்திரிகைகளில் சில நாட்களாக ஒரே செய்திதான். கொழும்புத் துறைமுகத்தில் நாற்றம் வீசும் கொள்கலன்கள். எல்லாம் பிரித்தானியாவிலிருந்து வந்தவை. கடதாசியில் எழுதியிருந்தது ‘பாவித்த மெத்தைகள், கம்பளங்கள்’. சுங்கத் திணைக்களம் திறந்து பார்த்தபோது மெத்தைகளோடு கலந்து கிடந்தது குப்பை. மருத்துவக் கழிவும் இருந்ததாகச் சொன்னார்கள். மொத்தம் 263 கொள்கலன்கள். 2020 செப்டெம்பரில் முதல் 21 திரும்பிப் போயின. மிச்சத்தையும் அனுப்பும்படி மேன்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. கடைசித் தொகுதி கப்பலேறியபோது 2022 பெப்ரவரி ஆகிவிட்டது.

அப்போது எல்லாரும் கேட்ட கேள்வி, “ஏன் இதை எங்களுக்கு அனுப்பினவை?” நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. தங்கட ஊரிலேயே ஒரு கிடங்கு வெட்டிப் புதைத்திருக்கலாமே, ஏன் புதைக்கேல்லை?

பதிலின் ஒரு பகுதி ஒரு வரியில் இருக்கிறது. அந்த நாட்டில் ஒரு தொன் குப்பையைப் புதைப்பதற்கு அரசாங்கம் காசு கேட்கிறது. இதற்கு நிலநிரப்பு வரி என்று பெயர். கொள்கலன்கள் வந்ததற்கு இந்த வரி மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் குப்பைக்கு விலை வந்தவுடன் குப்பையின் பெயர் எப்படி மாறத் தொடங்குகிறது என்பதை விளங்கிக்கொள்ள இந்த வரியின் முப்பது வருடக் கதை உதவும். அந்தக் கதையில் வீட்டுக் குப்பையைப் பற்றி கன பேர் எழுதிவிட்டார்கள். இரும்பு, நிலக்கரி, வார்ப்பு, சீமெந்து என்று பெருந்தொழிற்சாலைகளின் பக்கத்தை எழுதியவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அந்தப் பக்கத்தைப் பற்றியது.

வரிக்கு முன்னால் ஒரு மேடு

1966 ஒக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. தெற்கு வேல்ஸில் அபர்ஃபான் என்ற சுரங்கக் கிராமம். காலை ஒன்பதே கால் மணியளவில் ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருந்த நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு சரிந்து இறங்கியது. வழியில் இருந்த ஆரம்பப் பாடசாலை அதற்குள் புதைந்தது. 116 பிள்ளைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள்.

அந்த மேட்டுக்கு ஏழாம் இலக்க மேடு என்று பெயர். அதற்கு அடியில் நீரூற்று இருந்தது, வரைபடங்களிலும் இருந்தது. இருந்தும் அங்கேயே கொட்டினார்கள். ஏனென்றால் அது கிட்ட இருந்தது, மலிவாக இருந்தது. விசாரணை மன்றம் தேசிய நிலக்கரிச் சபையின் மீது பழி சுமத்தியது. ஆனால் ஒருவருக்கும் வழக்கும் இல்லை, வேலை நீக்கமும் இல்லை. கதையின் மிகக் கேவலமான பகுதி அதற்குப் பிறகுதான். மிச்ச மேடுகளை அகற்றும்படி சனம் கேட்டபோது, உலகெங்கும் இருந்து மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்து 150,000 பவுண்களை அந்த வேலைக்காக எடுத்தார்கள். அதாவது கொட்டியவனுடைய குப்பையை அள்ளப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் காசு. அந்தத் தொகை திருப்பிக் கொடுக்கப்பட்டது 1997இல். வட்டி இல்லாமல்.

நான் அபர்ஃபானில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரு தொழிற்சாலைக்குத் தன் கழிவு ஒரு செலவாகவே தெரியவில்லை. உலைக்குப் பக்கத்தில் கசடைக் கொட்டினால் அது மேடாகும். மின்நிலையத்துக்குப் பக்கத்தில் சாம்பலைக் கொட்டினால் அது குன்றாகும். கற்சுரங்கம் தோண்டி முடிந்த கிடங்கு சும்மா கிடக்கிறதா, அதை நிரப்பலாம். இரும்பின் விலையில் அந்த மேட்டின் விலை சேரவில்லை. அதை வேறு யாரோ கொடுத்தார்கள்.

பொருளியலில் இதற்கு ஒரு பழைய விடை உண்டு. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஆர்தர் பிகூ 1920இல் வெளியிட்ட நூலில் சொன்னதைச் சுருக்கினால் இதுதான்: ஒருவனுடைய தொழிலால் வெளியாளுக்கு நட்டம் வருகிறது, அந்த நட்டம் அவன் கணக்குப் புத்தகத்தில் வராது என்றால், அதே அளவு வரியைப் போட்டு அதைக் கணக்குக்குள் கொண்டுவா. சொல்வதற்கு எளிது. பிரித்தானியா அதைக் குப்பைக்குச் செய்ய இன்னும் எழுபது சொச்ச வருடங்கள் எடுத்தது.

ஏழு பவுணும் இரண்டு பவுணும்

1994 நவம்பரில் கன்சர்வேட்டிவ் நிதியமைச்சர் கெனத் கிளார்க் வரவு செலவுத் திட்டத்தில் இந்த வரியை அறிவித்தார். 1996 ஒக்டோபர் 1ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. சுற்றுச்சூழலைக் காப்பதே நோக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லிப் போடப்பட்ட முதலாவது பிரித்தானிய வரி இது.

இரண்டு வீதங்கள். சாதாரணக் குப்பைக்குத் தொன்னுக்கு 7 பவுண். ‘செயலற்ற’ குப்பைக்குத் தொன்னுக்கு 2 பவுண். வரியைக் கட்டுவது நிலநிரப்பை நடத்துபவர். அவர் அதைக் குப்பை கொண்டுவருபவரின் பில்லில் சேர்ப்பார். இந்த எண்கள் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு தொன் குப்பையைப் புதைப்பதால் சுற்றாடலுக்கு எவ்வளவு நட்டம் என்று பொருளியலாளர்கள் போட்ட கணக்கை ஒட்டியே அவை வைக்கப்பட்டன. பிகூ சொன்னபடியே.

தொழில் அதிபர்கள் கத்தாமல் இருக்க இன்னொரு வேலையும் செய்தார்கள். வரியால் வரும் காசுக்கு ஈடாக, வேலைகொடுப்போர் தொழிலாளர்களுக்காகக் கட்டும் தேசிய காப்புறுதிப் பங்களிப்பு 0.2 புள்ளியால் குறைக்கப்பட்டது. குப்பைக்கு வரி, வேலைக்குச் சலுகை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் யோசித்துப் பாருங்கோ. ஆயிரம் பேர் வேலை செய்யும் காப்புறுதிக் கம்பனி ஒன்று போடுவது கடதாசிக் குப்பை மட்டும். அதற்கு இது இலாபம். ஐம்பது பேரோடு நாள் முழுக்க லொறி லொறியாகக் கழிவை வெளியேற்றும் தொழிற்சாலைக்கு நட்டம். பெருந்தொழிற்சாலைகளுக்கு இது விளங்காமல் இருக்குமா? அவர்களைப் பொறுத்தவரை உண்மையான கேள்வி வரி எவ்வளவு என்பது இல்லை. தங்கள் கழிவு எந்த வீதத்துக்குள் விழும் என்பதுதான்.

பட்டியல்

அதைத் தீர்மானித்தது 1996இல் வெளியான ஓர் ஆணை. இரண்டு பவுண் வீதத்துக்குத் தகுதியான பொருட்கள் அதில் ஒன்பது கூட்டங்களாகப் பட்டியலிடப்பட்டிருந்தன. கல்லும் மண்ணும். பீங்கானும் கொங்கிறீட்டும். பதப்படுத்திய கனிமங்கள். உலைக் கசடு. சாம்பல். சில அசேதனச் சேர்மங்கள். ஜிப்சம். சுண்ணாம்பும் உப்புநீரும். கடைசியாகத் தண்ணீர்.

இந்தப் பட்டியலை மெதுவாக வாசித்தால் ஒரு நாட்டின் தொழிற்புரட்சியே தெரியும். கசடு என்றால் இரும்பு உருக்கும் ஊதுலை. சாம்பல் என்றால் நிலக்கரி மின்நிலையம். கனிமங்களுக்குள் வரும் அச்சு மணல் என்றால் வார்ப்பட்டறை. கொங்கிறீட் என்றால் கட்டடத் தொழில். இதற்கு மேல், சுரங்கங்களிலும் கற்சுரங்கங்களிலும் இருந்து எடுத்த இயற்கையான கழிவுக்கு வரியே இல்லை, முழு விலக்கு. அபர்ஃபானில் சரிந்தது எந்த வகைக் கழிவோ, அந்த வகைக்குப் புதிய வரி ஒரு சதம்கூடக் கேட்கவில்லை.

ஏன் இப்படி? சும்மா செல்வாக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அது முழு உண்மை இல்லை. அந்தக் காலத்தில் நிலநிரப்பைப் பற்றிய பெரிய பயம் வாயு. சாப்பாடு, கடதாசி, மரம் எல்லாம் மண்ணுக்கடியில் அழுகும்போது மெதேன் வரும். 1986 மார்ச்சில் டார்பிஷயரில் லொஸ்கோ என்ற கிராமத்தில் பக்கத்துக் குப்பைக் கிடங்கிலிருந்து கசிந்த வாயு வெடித்து ஒரு வீடு தரைமட்டமானது. அப்படியான நாட்டில் ‘அழுகுமா, அழுகாதா’ என்பது இயல்பாகவே முதற் கேள்வியாக வந்தது. கசடு அழுகாது. சாம்பல் அழுகாது. அப்போ இரண்டு பவுண்.

ஆனால் அழுகாதது எல்லாம் ஆபத்தில்லாதது இல்லை. அபர்ஃபானின் கழிவு அழுகவில்லை, சரிந்தது. இன்னோர் உதாரணம் கோர்பி. 2025இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘டொக்சிக் டவுன்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். நோர்தாம்ப்டன்ஷயரில் உருக்காலையை நம்பி வாழ்ந்த நகரம் அது. 1980இல் அங்கே உருக்கு உற்பத்தி நின்றது. பிறகு நகரசபை அந்த நிலத்தைச் சுத்தப்படுத்தத் தொடங்கியது. உலைத் தூசியும் சேறும் நிரம்பிய லொறிகள் ஒழுங்காக மூடப்படாமல் ஊர் நடுவால் ஓடின. அந்த வருடங்களில் அங்கே கர்ப்பமாக இருந்த தாய்மார் சிலருக்குக் கை கால் குறைபாட்டோடு பிள்ளைகள் பிறந்தார்கள். நகரசபை கவனயீனமாக நடந்தது என்று 2009இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூசியில் இருந்தது கட்மியம் போன்ற உலோகங்கள். அவை அழுகுவதில்லை. அதுதான் பிரச்சினையே.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மாசடைந்த நிலத்தைச் சுத்தப்படுத்தும்போது தோண்டியெடுக்கும் மண்ணுக்கு 1996இலிருந்து வரிவிலக்கு இருந்தது. பழைய ஆலை நிலங்களை வீடுகளாக மாற்ற ஊக்கம் கொடுப்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் விளைவு என்ன? நஞ்சான மண்ணை அங்கேயே சுத்திகரிப்பதைவிடத் தோண்டி இன்னோர் இடத்தில் கொட்டுவது இலேசானது. 2008இல் புதிய விண்ணப்பங்களை நிறுத்தி, 2012இல் அந்த விலக்கை முற்றாக மூடினார்கள்.

ஏணி

அடுத்து வந்தது லேபர் அரசாங்கம். கோர்டன் பிரவுண் நிதியமைச்சர். 1999இல் சாதாரண வீதம் 10 பவுணாகியது. பிறகு வருடத்துக்கு ஒரு பவுண். 2005இலிருந்து வருடத்துக்கு மூன்று. 2008இலிருந்து வருடத்துக்கு எட்டு. 2014இல் 80 பவுணில் வந்து நின்றது. ‘நட்டத்துக்குச் சமமான வரி’ என்ற பிகூவின் கணக்கு இங்கே கைவிடப்பட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு நிலநிரப்புப் பணிப்புரை, அழுகும் குப்பையைப் புதைப்பதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருந்தது. அந்த இலக்கை அடையும்வரை விலையை ஏற்று என்பதே புதிய கொள்கை.

வீட்டுக் குப்பைக்கு அது வேலை செய்தது. 2000ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் உள்ளூராட்சிச் சபைகள் சேர்த்த குப்பையில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கிட்ட மண்ணுக்குள் போனது. இருபது வருடத்தில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. எரியூட்டிகளும் மீள்சுழற்சியும் அந்த இடத்தைப் பிடித்தன.

குறைந்த வீதம்? 1996இல் 2 பவுண். 2008இல் 2 பவுண் 50 பென்ஸ். 2014இலும் அதேதான்.

20 தொன் ஏற்றும் ஒரு லொறியை எடுங்கோ. 1996இல் அது சாதாரணக் குப்பையோடு வந்தால் வரி 140 பவுண், செயலற்ற குப்பையோடு வந்தால் 40. வித்தியாசம் 100 பவுண். 2014இல் அதே லொறி. ஒரு பெயரில் 1,600 பவுண், மற்றப் பெயரில் 50. வித்தியாசம் 1,550 பவுண். லொறிக்குள் இருப்பதை மாற்றத் தேவையில்லை. அதன் பெயரை மாற்றினால் போதும். இந்த எண்ணை மனதில் வைத்திருங்கோ, கதையின் மிச்சம் எல்லாம் இதற்குள்ளால்தான் போகிறது.

தொழிற்சாலைகள் என்ன செய்தன?

நல்ல பக்கத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நடந்தது.

வார்ப்பட்டறைகளைப் பாருங்கள். உருகிய உலோகத்தை ஊற்ற மணலால் அச்சுச் செய்வார்கள். மணலைப் பிடித்து வைத்திருக்க ஒன்றில் களிமண் கலப்பார்கள், அல்லது பிசின் கலப்பார்கள். 1996 பட்டியல் அச்சு மணலை இரண்டு பவுணுக்குள் விட்டது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: சேதனப் பிசின் கலந்த மணல் அதில் சேராது. ஒரே பட்டறையில் ஒரே மணல், ஒட்டும் பொருளைப் பொறுத்து ஒரு குவியலுக்கு மலிவு வரி, மற்றக் குவியலுக்கு ஏறிக்கொண்டே போகும் வரி. பிசின் மணலை உடைத்தும் சூடாக்கிப் பிசினை எரித்தும் திரும்பப் பாவிக்கும் முறைகள் முன்பே இருந்தன. தொன்னுக்கு எண்பது பவுண் வரும்போது அந்த இயந்திரத்தை வாங்குவது கணக்குக்குச் சரிவந்தது. பெரிய பட்டறைகளால் வாங்க முடிந்தது. சிறிய பட்டறைக்கு அந்த முதல் எங்கே? ஏற்கெனவே மின்சார விலையாலும் வெளிநாட்டுப் போட்டியாலும் மூச்சுத் திணறிய தொழில் அது. இந்த வரிதான் அவற்றை மூடியது என்று சொல்ல முடியாது. ஆனால் சுமையில் இதுவும் ஒன்று.

ஊதுலைக் கசடு வேறு கதை. அதை அரைத்துச் சீமெந்தாக்கும் வித்தை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆகவே ‘வரி வந்ததால்தான் கசடு பொருளானது’ என்பது பிழை. அதற்கு உதவியது இன்னொரு வரி. 2002 ஏப்ரலில் நிலத்திலிருந்து புதிதாகத் தோண்டும் மணல், சரளை, கல்லுக்குத் தொன்னுக்கு 1 பவுண் 60 பென்ஸ் வரி வந்தது. கசடுக்கும் சாம்பலுக்கும் அது இல்லை. ஒரு பக்கம் புதைத்தால் காசு, மறு பக்கம் புதிய கல் எடுத்தால் காசு. நடுவில் நின்ற கசடு வீதிக்கும் கொங்கிறீட்டுக்கும் போனது.

நிலக்கரி மின்நிலையங்களில் புகையிலிருந்து கந்தகத்தை அகற்றும்போது ஜிப்சம் கிடைக்கும். அது சுவர்ப் பலகை செய்யும் ஆலைகளுக்குப் போனது. முழு ரயர்களைப் புதைப்பதை 2003இலும், துண்டாக்கிய ரயர்களைப் புதைப்பதை 2006இலும் ஐரோப்பிய விதி தடுத்தது. சீமெந்துச் சூளைகளுக்கு அது மலிவு எரிபொருளானது. 2004 ஜூலையில் ஆபத்தான கழிவைச் சாதாரணக் குப்பையோடு சேர்த்துப் புதைப்பதும் தடையானது. இரசாயனத் தொழிற்சாலைகளுக்கு அதுவரை திறந்திருந்த கன கதவுகள் ஒரே நாளில் மூடின.

சாம்பல் மட்டும் நடுவில் தொங்கியது. ஒரு பகுதி கட்டுமானக் கற்களுக்கும் சீமெந்துக்கும் போனது. ஆனால் மிச்சத்தைக் கொட்ட வரி இரண்டு, இரண்டரைப் பவுண்தானே, யார் கவலைப்பட்டது? வட யோர்க்‌ஷயரில் கேல் கொமன் என்ற இடத்தில் மின்நிலையச் சாம்பலாலேயே ஒரு குன்று எழுந்தது. இப்போது அதைத் திரும்பத் தோண்டி சாம்பலை விற்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே பெருந்தொழிற்சாலையை மாற்றியது வரி வீதம் மட்டும் இல்லை. பட்டியலில் பொருள் எங்கே நின்றது என்பதும் சேர்ந்தே மாற்றியது. மேல் வீதத்தில் நின்ற பிசின் மணலுக்குப் புதிய இயந்திரம் வந்தது. கீழ் வீதத்தில் நின்ற சாம்பல் குன்றாகவே கிடந்தது.

பெயர் விளையாட்டு

இப்போது மற்றப் பக்கம்.

முதலில் சட்டப்படி விளையாடியவர்கள். நிலநிரப்புக்குள் லொறி ஓட வீதி போட வேண்டும்; ஒவ்வொரு நாளும் குப்பையின் மேல் மண் மூட வேண்டும். அதற்குப் பாவிக்கும் செயலற்ற கழிவு ‘குப்பையா’, ‘கட்டுமானப் பொருளா’? 2008இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: நடத்துனர் அதைப் பிரயோசனத்துக்காகப் பாவிக்கிறார், எறியும் எண்ணம் அவருக்கு இல்லை, ஆகவே வரி இல்லை. அடுத்த வருடமே அரசாங்கம் புதிய ஆணை போட்டு அந்த வேலைகளைத் திரும்ப வரிக்குள் இழுத்தது.

அடுத்தது தூள். கட்டட இடிபாட்டையும் ஸ்கிப் குப்பையையும் சல்லடையில் போட்டு உலோகம், மரம், பிளாஸ்ரிக் எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சும் மண் மாதிரியான தூள். பார்த்தால் மண். உள்ளே மரத்தூளும் கடதாசித் துகளும் இருக்கும். இதற்கு எந்த வீதம்? 2012 மே மாதத்தில் வரித் திணைக்களம் ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட்டது. இதுவரை மலிவு வீதத்தில் போன தூள் எல்லாம் இனி மேல் வீதம் என்று அதை வாசித்த கழிவுத் தொழில்காரர் பதறிப்போனார்கள். சில நாட்களுக்குள் இன்னொரு விளக்கம் வந்தது. கடைசியில் 2015 ஏப்ரலில் ஒரு பரிசோதனை வந்தது. தூளை உலையில் எரித்துப் பார். எடையில் 10 வீதத்துக்கு மேல் குறைந்தால் அதில் அழுகும் பொருள் அதிகம், மேல் வீதம் கட்டு. வரிக்காக மண்ணை எரித்துப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அந்த இடைவெளி அவ்வளவு பெரியது.

மூன்றாவது, களவு. மேல் வீதக் குப்பையைக் கீழ் வீதம் என்று எழுதிக் கொட்டுவது. அல்லது நிலநிரப்புக்கே போகாமல் வயலிலும் காட்டிலும் வாடகைக் களஞ்சியத்திலும் கொட்டிவிட்டு ஓடுவது. இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பெவன் கழிவுக் குற்றத்தைப் புதிய போதைவஸ்து என்று வர்ணித்தார். வரி வீதம் ஏற ஏறக் குற்றக் கும்பல்களுக்கு ஊக்கமும் ஏறியது என்பதைத் தேசிய கணக்காய்வு அலுவலகம் 2022 அறிக்கையில் சுட்டிக்காட்டியது. 2018 ஏப்ரலிலிருந்து அனுமதியில்லாத இடங்களில் கொட்டப்படும் குப்பைக்கும் வரி உண்டு என்று சட்டம் மாறியது. ஆனால் ஓடினவனைப் பிடித்தால்தானே வரி?

ஒழுங்காக நடக்கும் தொழிற்சாலைக்கு இது இரட்டை அடி. தான் முழு வரியும் கட்டுகிறது. போட்டிக்காரன் மலிவாக ஒரு ‘தரகர்’ மூலம் கழிவை அனுப்புகிறான். அந்தக் கழிவு எங்கே போனது என்று அவன் கேட்பதில்லை.

2024 செப்டெம்பர் 30

ஒரே நாளில் இரண்டு விடயங்கள் நடந்தன. நொட்டிங்ஹம்ஷயரில் ராட்கிளிஃப் மின்நிலையம் நின்றது. பிரித்தானியாவின் கடைசி நிலக்கரி மின்நிலையம் அதுதான். அதே நாள் வேல்ஸில் போர்ட் டல்பட் உருக்காலையின் கடைசி ஊதுலையும் அணைந்தது. அதன் இடத்துக்கு மின்வில் உலை வரப்போகிறது. பட்டியல் எழுதிய காலத்தில் நாட்டின் கசடையும் சாம்பலையும் கொட்டிக்கொண்டிருந்த தொழில்களில் ஒன்று முற்றாக முடிந்தது, மற்றது சுருங்கியது. மின்வில் உலையின் கசடு ஊதுலைக் கசடு மாதிரிச் சீமெந்துக்கு நேரடியாகப் பொருந்தாது. ஒரு காலத்தில் இடமில்லாமல் கொட்டிய பொருளைச் சீமெந்துக்காரர் இப்போது கப்பலில் இறக்குமதி செய்கிறார்கள்.

இந்தச் சூழலில்தான் பெரிய சீர்திருத்தம் மேசைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் மேல் வீதம் 103.70இலிருந்து 126.15 பவுணுக்குத் தாவியது. கீழ் வீதம் 4.05. அதே மாதக் கடைசியில் அரசாங்கம் கருத்துக் கேட்டது: 2030க்குள் இரண்டு வீதத்தையும் ஒன்றாக்கினால் என்ன? தூளுக்கான சலுகையை எடுத்தால் என்ன? கற்சுரங்கக் கிடங்குகளைச் செயலற்ற மண்ணால் நிரப்புவதற்கு 1999இலிருந்து இருக்கும் விலக்கை நீக்கினால் என்ன?

காரணம் நியாயமானது. இடைவெளி இல்லாவிட்டால் பெயரை மாற்றிப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கோ. 4.05 பவுண் 126.15 ஆவதென்றால் முப்பத்தொரு மடங்கு. வீடு கட்டுபவர்கள் கத்தினார்கள்: அத்திவாரம் தோண்டிய மண்ணைப் புதைக்க இவ்வளவு காசென்றால் வீட்டு விலை எங்கே போகும்? கற்சுரங்கக்காரர் கேட்டார்கள்: தோண்டிய கிடங்கை நிரப்பி வயலாக்கு என்று அனுமதிப் பத்திரத்தில் எழுதியிருக்கு, நிரப்ப வரி கேட்டால் நாங்கள் என்ன செய்ய? மண்ணையும் கசடையும் மீள்சுழற்சி செய்ய எல்லா இடத்திலும் ஆலை இல்லை. எரிக்கவும் முடியாது, எரிகிற பொருளா அது?

2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் பின்வாங்கினார். ஒரே வீதம் என்ற யோசனை கைவிடப்பட்டது. கற்சுரங்க விலக்கு தங்கியது. அதற்குப் பதில் ஒரு சின்ன விதி: மேல் வீதம் எத்தனை பவுண் ஏறுகிறதோ, கீழ் வீதமும் அத்தனை பவுண் ஏறும். 2026 ஏப்ரலிலிருந்து மேல் வீதம் 130.75, கீழ் வீதம் 8.65. மேலே 4 பவுண் 60 பென்ஸ், கீழேயும் அதே. இடைவெளி குறையவில்லை, கூடவும் இல்லை. ஆனால் கீழ் வீதத்தில் இருப்பவனுக்கு ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல்.

என்ன விளங்குகிறது?

எனக்கு இந்தப் பின்வாங்கல் முழுத் தோல்வியாகத் தெரியவில்லை. ஆறு வருடத்துக்குள் முப்பத்தொரு மடங்கு என்பது தொழிற்சாலையை மாற்றாது. மூட வைக்கும், அல்லது களவுக்குத் தள்ளும். மெதுவாக, முன்கூட்டியே சொல்லி ஏற்றும் வரிதான் பட்டறைக்காரனை இயந்திரம் வாங்க வைத்தது. அதை 2000களின் ஏணி காட்டியது. பிழை எங்கே என்றால், அந்த ஏணியில் ஒரு காலை மட்டும் ஏற்றியதில். மேல் வீதம் பதினெட்டு மடங்கு ஏறக் கீழ் வீதம் முப்பது வருடம் கிட்டத்தட்டத் தரையிலேயே நின்றது. கனரகக் கழிவைத் தொட்டால் தொழில் போய்விடும் என்ற பயத்தில் தொடாமல் விட்டார்கள். அந்த இடைவெளிக்குள் குற்றக் கும்பல் குடியேறியது. கசடும் சாம்பலும் எதற்குப் பிரயோசனம் என்று யோசிக்க வேண்டிய வருடங்களும் வீணாகின. தொழிலும் தப்பவில்லை. நிலக்கரி போனது, ஊதுலை அணைந்தது, மேடுகள் மட்டும் மிஞ்சின.

இன்னொன்று, குப்பையை எடையில் மட்டும் அளக்க முடியாது. அழுகுமா என்று கேட்டார்கள். சரியுமா, தூசியாகுமா, தண்ணிக்குள் இறங்குமா என்ற கேள்விகள் வரிக் கணக்குக்குள் பிந்தித்தான் வந்தன. கீழ் வீதப் பொருள் ஆபத்தான கழிவாக இருக்கக்கூடாது என்ற தெளிவான நிபந்தனையோடு பட்டியலைத் திருத்தி எழுதியது 2011இல். கோர்பியின் பிள்ளைகள் அப்போது வளர்ந்து நீதிமன்றம் போய் வந்துவிட்டார்கள்.

திரும்பவும் கொழும்புத் துறைமுகத்துக்கு வருவோம். அந்த 263 கொள்கலன்களின் மேல் எழுதியிருந்ததும் ஒரு பெயர்தான். குப்பை என்று எழுதினால் ஒரு விலை, பாவித்த மெத்தை என்று எழுதினால் இன்னொரு விலை. லொறி நிலநிரப்பின் வாசலில் நின்றாலும், கொள்கலன் துறைமுகத்தில் இறங்கினாலும், திறந்து பார்க்க ஓர் ஆள் இல்லாவிட்டால் எழுதினதுதான் உண்மை. எங்கட சுங்கத்தில் அன்று யாரோ திறந்து பார்த்தார்கள். அது நல்ல காலம். நாளைக்கு ஏதாவது ஒரு நாட்டில், எங்கட நாட்டிலும்தான், குப்பைக்கு விலை வைக்கும் சட்டம் வந்தால், வீதம் எவ்வளவு என்று கேட்பதற்கு முதல் பட்டியலை எடுத்து வாசியுங்கள். எந்தப் பொருளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தப் பெயரைச் சோதிக்க யார் வாசலில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். யாருடைய மேட்டை யார் அள்ளப் போகிறார்கள் என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.